இடது பக்கம் ஒடித்தால்

நாமெஸ்தோவோ தேவாலயத்தைத் தாண்டி
ஏரிக்கரைச் சாலைக்கு இடது பக்கம் ஒடித்தால்
என் ஜாவா செத்துப்போகும்.
நேராகப் போனால் போகும்,
பதினெட்டு கிலோமீட்டர், பேக்கரி வாசல் வரைக்கும்.
வலதில் திரும்பினாலும் ஒன்றுமில்லை.
இடது என்றால் மட்டும்
இரண்டு சிலிண்டரும் ஒரே நொடியில்
வாயை மூடிக்கொள்ளும்.

ஆளுக்கொரு வைத்தியம்.
பிளக் என்றார் தபால்கார ஷ்டெஃபான்.
கரியும் எண்ணெயும் அப்பியிருந்ததைக் கழற்றி
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்,
மனசு கேட்காமல் புதுசும் வாங்கினேன்.
கண்டன்சர் என்றான் பெட்ரோல் பங்க் போஹூஷ்.
மாற்றினேன், இரண்டையும். பதினொரு யூரோ.
போனிலிருந்து தலையைத் தூக்காமல்
என் மகள் தெரேசியா சொன்னாள்:
வித்துடு.

பாயின்ட் இடைவெளி பார்த்தேன்.
அளவுத் தகடு உள்ளே போய் வரும்போது
லேசாகப் பிடிக்க வேண்டும்,
மூடிய புத்தகத்திலிருந்து நோட்டை உருவுவதுபோல.
சரியாகத்தான் பிடித்தது.
இடதில் ஒடித்தேன். செத்தது.

அந்த இடதில் என் அக்கா வீடு.
இதை நான் வண்டியிடம் சொன்னதில்லை.

உருளைக்கிழங்கு போட்ட எங்கள் நிலத்தை
ஏரி பார்த்த விடுதிக்கு அவள் பேசி முடித்து
ஏழு வருஷம்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை வரும்:
ஒரு நடை வந்துவிட்டுப் போ. பிளாஷேனா.
வண்டி சரியில்லை என்று பதில் போடுவேன்.
பொய்யில்லை.

போன ஞாயிறு மழை.
ஷெட்டில் கவிழ்த்த மாவு வாளிமேல் உட்கார்ந்து
கையில் ஸ்பேனர் இல்லாமல்
முதல்முறையாக யோசித்தேன்.
பிளக் இரண்டு, பாயின்ட் இரண்டு, காயில் இரண்டு.
இரண்டும் பேசி வைத்துக்கொண்டா சாகும்?
இரண்டுக்கும் பொதுவாய் வருவது எது?
சாவி.
சாவி இருப்பது முகப்பு விளக்கின் தலையில்.
பேட்டரியிலிருந்து கரண்ட்
கழுத்தைத் தாண்டி மேலே ஏறி
கழுத்தைத் தாண்டியே கீழே இறங்குகிறது.

காயிலுக்கு வரும் வயரில் ஒரு சின்ன பல்ப் கட்டினேன்.
சாவி போட்டதும் எரிந்தது.
ஹேண்டில்பாரை வலதில் வளைத்தேன். எரிந்தது.
இடதில்,
கால்வாசிகூடத் திருப்பவில்லை,
அணைந்தது.
நேராக்கினேன். எரிந்தது.
சிரித்துவிட்டேன். பூனை எழுந்து போனது.

கறுப்பு உறையைக் கிழித்து
வயர் வயராய்ப் பேன் பார்த்தேன்.
மேல்தோல் முழுசாக இருந்தது எல்லாவற்றிலும்.
ஒன்று மட்டும் விரல் அழுத்தத்தில்
எலும்பு இல்லாததுபோல் மடங்கியது.
உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்து
எப்போதோ அறுந்திருக்கிறது;
முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும்
யாருக்கும் தெரியவில்லை.

வெட்டி, சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து,
இந்த முறை ஒரு விரல் நீளம் கூடுதலாக விட்டேன்,
கழுத்து திரும்ப இடம் வேண்டுமே.

திங்கள் காலை,
ராத்திரி வேலை முடிந்து, சட்டையெல்லாம் மாவு,
தேவாலயத்தருகே இடதில் ஒடித்தேன்.
ஓடியது.
ஓடிக்கொண்டே இருந்தது.
இது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அவள் வீட்டு முன் நிறுத்தவில்லை.
சாலை ஏரியில் போய் முடிகிறது;
தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் தெரிகிறது.
இன்ஜினை அணைக்காமல் அங்கே நின்றேன்.
பெட்ரோல் எரிந்தது. வாத்துகள் நகர்ந்துபோயின.
பிறகு திருப்பினேன்.

வேலியருகே நின்றிருந்தாள்,
கோழித்தீவன வாளியோடு,
தலையை ஒரு பக்கம் சாய்த்து, என்னை அல்ல,
சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

"கண்டன்சராக இருக்கும்" என்றாள்.

"மாற்றியாயிற்று" என்றேன்.